வன்னியில் கல்யாண எழுத்து: பத்திரங்கள், நாட்கணக்கு, செலவு

என் தங்கையின் கல்யாணத்துக்கு நாள் வைத்தபோது மண்டபம், சமையல், நாதஸ்வரம், அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் வீட்டில் விரிவாகப் பேசினோம். எழுத்தை, அதாவது விவாகப் பதிவைப் பற்றி மட்டும் "அது ஒருநாள் வேலைதானே" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டோம். அந்த ஒருநாள் வேலைக்கான ஆயத்தம் நான்கு மாதங்களுக்கு மேல் எடுத்தது. தருமபுரத்திலிருந்து மல்லாவிக்கும், மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிஞ்சட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்னர் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். விவாகப் பதிவுக்குச் சட்டம் கேட்கும் காலம் இரண்டு கிழமைக்கும் குறைவுதான். மாதங்களைத் தின்பது நம்முடைய பழைய பத்திரங்கள். இடம்பெயர்ந்து, ஆவணங்களைத் தொலைத்து, கிடைத்த இடத்தில் பிறப்பைப் பதிந்து வாழ்ந்த எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் நான்கு பத்திரங்களை எடுத்தால் அவற்றில் ஒன்றாவது மற்றவற்றோடு ஒத்துவராது. ஆகவே அழைப்பிதழுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னர் பத்திரங்களைப் பாருங்கள்.

இங்கே நான் சொல்வது பொது விவாகச் சட்டத்தின் கீழான பதிவைப் பற்றியது. மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாயின் அவர்களுக்கான சட்டமும் பதிவும் வேறு.

1. எல்லாப் பத்திரங்களையும் ஒரே மேசையில் பரப்புங்கள்

மணமக்கள் இருவருடைய பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு இருந்தால் அது, கிராம அலுவலர் தரும் வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றை ஒன்றாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். விவாகப் பதிவில் மணமக்களின் முழுப்பெயர், வயது, முன்னர் விவாகமானவரா இல்லையா என்ற நிலை, தொழில், இனம், வதிவிடம் ஆகியவற்றோடு இருவருடைய தந்தையரின் பெயரும் எழுதப்படும். எனவே தந்தையின் பெயரையும் அதே கவனத்தோடு பாருங்கள். எங்கள் வீட்டில் தங்கையின் பெயரில் ஒரு குறையும் இருக்கவில்லை. அப்பாவின் பெயர்தான் ஒரு பத்திரத்தில் "நவரத்தினம்" என்றும் இன்னொன்றில் "நவரெத்தினம்" என்றும் இருந்தது. அந்த ஒற்றைக் கொம்புக்காக நான் ஐந்து தடவை பஸ் ஏறினேன்.

ஒப்பிடும்போது இவற்றைத் தவறவிடாதீர்கள்: பிறந்த திகதி இரண்டு பத்திரத்திலும் ஒன்றுதானா, பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டில் என்ன எழுதியிருக்கிறது, தந்தையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, வெறுமையாக விடப்பட்டிருக்கிறதா, அடையாள அட்டையிலுள்ள முகவரி இப்போதைய முகவரியா. எங்கள் பக்கத்தில் பலருடைய அட்டையில் இன்னமும் யாழ்ப்பாணத்துப் பழைய முகவரியோ, 2009க்குப் பின்னர் முகாமில் இருந்தபோது கொடுத்த முகவரியோ இருக்கிறது. அப்படியானால் தற்போதைய வதிவிடத்தைக் காட்ட, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு கூடிய வதிவிடச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். கிராம அலுவலர் எந்தெந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். வெளிக்களக் கடமை நாளில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

வீட்டிலிருக்கும் மடிந்து மஞ்சளான பிறப்புச் சான்றிதழை நம்பியிருக்க வேண்டாம். அண்மையில் பெற்ற பிரதி ஒன்றை எடுங்கள். கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளுக்கு, பிறந்த இடம் எங்கே இருந்தாலும் அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி பெறலாம். என் தங்கையின் பிறப்பு மல்லாவியில் பதியப்பட்டது என்பதனால் முதலில் அந்தப் பகுதிக்கான துணுக்காய்ப் பிரதேச செயலகத்துக்கு ஓடினேன். எங்கள் பிரதேச செயலகமான கண்டாவளையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது.

2. சான்றிதழ் இல்லையென்றால், அல்லது பிழையென்றால்

இந்தப் படிதான் மிக நீளமானது. உங்களுக்கு இது பொருந்தினால் எழுத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே தொடங்குங்கள்.

பிழைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எழுத்துப் பிழை, திகதி மாறி எழுதியது போன்ற பதிவுப் பிழை. மற்றையது, பெயரையே மாற்றுவது, விடுபட்ட பெயரைச் சேர்ப்பது, தந்தையின் விபரத்தைச் சேர்ப்பது போன்றது. இரண்டுக்கும் விண்ணப்பப் படிவம் வேறு, கேட்கும் ஆதாரமும் வேறு. எந்த வகை என்பதை பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரின் கிளையில் கேட்டு உறுதிசெய்த பின்னரே படிவத்தை நிரப்புங்கள். நான் முதலில் நிரப்பிக் கொடுத்தது மற்றைய வகைக்கான படிவம். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தது.

ஆதாரமாகப் பழைய பத்திரங்களுக்கே மதிப்பு அதிகம். பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, பெற்றோரின் விவாகச் சான்றிதழ், மூத்த சகோதரரின் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். நேற்று எடுத்த சத்தியக்கடதாசி ஒன்றை மட்டும் கொண்டுபோய் வைத்தால் காரியம் ஆகாது.

பிறப்பே பதியப்படவில்லை என்றால், காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதியப்பட்டிருந்தும் பதிவேட்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், தேடியும் கிடைக்கவில்லை என்பதை முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த எந்த விண்ணப்பத்துக்கும் அந்தக் கடிதம்தான் அடித்தளம். போர்க்காலத்தில் பிறந்தவர்கள் பலர் உத்தேச வயதுச் சான்றிதழோடு காலம் தள்ளுகிறார்கள். அது உங்களிடம் இருந்தால் மறைக்காமல் பதிவாளரிடம் ஆரம்பத்திலேயே காட்டி, போதுமா என்று கேளுங்கள்.

3. முன்னைய விவாகம் இருந்தால்

துணை இறந்தவராயின் மரணச் சான்றிதழ் வேண்டும். விவாகரத்தானவராயின் நீதிமன்றத் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி வேண்டும். மாவட்ட நீதிமன்றம் முதலில் கொடுக்கும் தீர்ப்பு இடைக்காலத் தீர்ப்பு மட்டுமே; வழமையாக மூன்று மாதங்களின் பின்னர் அது முடிந்த முடிபாக்கப்படும். அந்த இரண்டாவது தீர்ப்பு கைக்கு வருவதற்கு முன்னர் எந்த நாளும் வைக்காதீர்கள். பல வருடங்களாகப் பிரிந்து வாழ்வது விவாகரத்து ஆகாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்ட பிரிவுக் கடிதமும் ஆகாது.

எங்கள் மாவட்டங்களில் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. கணவர் காணாமற்போனவர் என்று 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர் வழங்கப்படும் சான்றிதழ் மரணச் சான்றிதழ் அல்ல. உதவிகள் பெறுவதற்கு அது பயன்படும். முன்னைய விவாகத்தை அது முடித்துவைக்காது. மறுமணத்தை எண்ணும் பெண்கள் பதிவாளரிடம் போவதற்கு முன்னர் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். கட்டணம் கட்ட இயலாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இந்த முடிவு எவ்வளவு கனமானது என்பதை அறிவேன். அதை எடுத்தவரைப் பத்திரத்துக்காக மேலும் அலையவிடக் கூடாது என்பதனாலேயே இவ்வளவு வெட்டவெளிச்சமாக எழுதுகிறேன்.

உறவுக்குள் செய்பவர்களுக்கு ஒரு வரி: மச்சான் மச்சாள் விவாகத்துக்குத் தடையில்லை, ஆனால் சகோதரியின் மகளையோ சகோதரனின் மகளையோ விவாகம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும் அதற்குக் கீழே பதிவு இல்லை.

4. எந்தப் பதிவாளர் என்பதைத் தீர்மானியுங்கள்

பதிவாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு உண்டு. விவாகத்தை அவர் தன்னுடைய பிரிவுக்குள்ளேயே நடத்தி வைப்பார். நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். வீட்டுக்கு அருகிலுள்ள பதிவாளரிடம் எல்லாவற்றையும் பேசி ஒழுங்குசெய்துவிட்டு, மண்டபத்தைக் கிளிநொச்சி நகரில் எடுத்தோம். மண்டபம் வேறு பிரிவு என்பது கல்யாணத்துக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, அதுவும் பேச்சுவாக்கில்தான் தெரியவந்தது. பதிவாளர் பொறுமையாக விளங்கப்படுத்தி, தன்னிடமிருந்த சான்றிதழை அந்தப் பிரிவுப் பதிவாளரிடம் கையளிக்க வழி சொன்னார். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

ஆகவே இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேளுங்கள். விவாக அறிவித்தலை யாரிடம் கொடுப்பது? எழுத்து நடக்கும் இடம் யாருடைய பிரிவில் இருக்கிறது? இரண்டுக்கும் ஒரே விடை வரவேண்டும் என்பதில்லை.

நல்ல முகூர்த்த நாட்களில் ஒரே பதிவாளருக்கு மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். காலபோக நெல் விற்ற கையோடு பங்குனி கழிய, சித்திரையிலும் வைகாசியிலும் கல்யாணங்கள் குவிவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மாதங்களில் மண்டபத்தைப் பதிவுசெய்யும் அன்றே பதிவாளருடைய நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5. அறிவித்தலும் நாட்கணக்கும்

மணமக்கள் இருவரும் ஒரே பிரிவில் குறைந்தது 10 நாட்களாக வசிப்பவர்களாயின், ஒருவர் அந்தப் பிரிவுப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தால் போதும். வெவ்வேறு பிரிவுகளாயின் இருவரும் தத்தமது பதிவாளரிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒட்டுசுட்டான், பெண் தருமபுரம் என்றால் இரண்டு அறிவித்தல்கள், இரண்டு சான்றிதழ்கள். ஒருவர் கொடுத்துவிட்டு மற்றவர் மறந்துபோன கதைகள் பல உண்டு. மாப்பிள்ளை வவுனியாவில் வாடகை அறையில் தங்கி வேலை செய்பவரானால், அவருடைய வதிவிடம் வீடா அறையா என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கேற்ற வதிவிடச் சான்றிதழை எடுங்கள்.

அறிவித்தல் பதியப்பட்டு 12 நாட்கள் கழிந்த பின்னர், ஆட்சேபனை ஏதும் வராவிட்டால் பதிவாளர் சான்றிதழ் தருவார். அறிவித்தல் பதியப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து நடந்துவிட வேண்டும். கடந்தால் அது செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிந்திப்போவது எல்லோரும் அஞ்சும் பிழை. முந்திப்போவதும் பிழைதான் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

ஓர் உதாரணத்தோடு கணக்குப் பார்ப்போம். எழுத்து மே 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரி நடுவில் அறிவித்தல் கொடுத்தால் அது கல்யாணத்துக்கு முன்னரே காலாவதியாகிவிடும். மே 15க்குப் பின்னர் கொடுத்தால் 12 நாட்கள் கழிவதற்குள் முகூர்த்தம் வந்துவிடும். எனது அபிப்பிராயத்தில் ஏப்ரல் மூன்றாம் நான்காம் கிழமைகள் பொருத்தமானவை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்திருக்கும், கல்யாணத்துக்குப் பல நாட்கள் முன்னரே சான்றிதழும் கைக்கு வந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் எழுத்து வைப்பவர்கள் மழையையும் கணக்கில் எடுங்கள். குளங்கள் வான் பாயும் நாட்களில் உள்வீதிகள் சில தடைப்படும். கடைசிக் கிழமைக்கென்று ஒரு கடிதத்தைக்கூட மிச்சம் வைக்காதீர்கள்.

12 நாட்கள் காத்திருக்க இயலாத அவசரம் என்றால் விசேட அனுமதிப்பத்திரம் பெற்று விவாகம் செய்யலாம். அதற்குக் கட்டணம் கூட. நாட்களைத்தான் அது குறைக்குமே தவிர, பத்திரங்களிலுள்ள பிழையை மன்னிக்காது.

6. எழுத்து நாள்

சட்டப்படி விவாகம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். இரவு முகூர்த்தம் வைப்பவர்கள் எழுத்தைப் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பதிவாளரின் அலுவலகத்துக்கு வெளியே, வீட்டிலோ மண்டபத்திலோ எழுதுவதாயின் அதற்கான அனுமதியும் மேலதிகக் கட்டணமும் உண்டு என்பதால் முன்னரே சொல்லி வையுங்கள்.

சாட்சிகள் இருவர் வேண்டும். அடையாள அட்டையோடு, நேரத்துக்கு வரக்கூடியவர்களைத் தெரிவுசெய்யுங்கள். மாமாவுக்கு மரியாதை செய்வதற்காக அவரைச் சாட்சியாகப் போட்டோம். அவரோ பரந்தன் சந்தியில் ஐஸ் வாங்கப் போயிருந்தார். மாற்றுச் சாட்சி ஒருவரையும் ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

கையொப்பமிட முன்னர் எழுதப்பட்டதை இருவரும் முழுமையாக வாசியுங்கள். படப்பிடிப்பாளர் "இங்கே பாருங்கோ" என்பார், அம்மா "நேரம் போகுது" என்பார், ஒருவரையும் கவனிக்காதீர்கள். கையொப்பமான பின்னர் ஒரு எழுத்தைத் திருத்துவதானாலும் மாவட்டப் பதிவாளர் வரை போக நேரும்.

தேவாலயத்தில் திருமணம் செய்பவர்களுக்கு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கும் ஆயத்த வகுப்புக்கும் வேறு காலம் தேவை. பங்கில் ஓலை வாசித்தாயிற்று என்பதற்காகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். பதிவு யாரால், எப்படி நடக்கும் என்று பங்குத்தந்தையிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

7. செலவு

அரச கட்டணங்கள் சிறியவை, ஆனால் பல: அறிவித்தலுக்கு ஒன்று, அலுவலகத்தில் எழுதுவதற்கு ஒன்று, வெளியே எழுதுவதற்கு அதனிலும் பல மடங்கு கூடிய ஒன்று, விசேட அனுமதிப்பத்திரத்துக்கு இன்னொன்று. தொகைகள் வர்த்தமானி மூலம் மாறுவதால் பிரதேச செயலகத்து அறிவிப்புப் பலகையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கட்டிய எதற்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். சான்றிதழ்ப் பிரதிக்கு, பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் நான் எடுத்தபோது 120 ரூபாய். தெரியாமல் தேடச் சொன்னால் 250 ரூபாய். இலக்கத்தைக் குறித்து வைத்திருப்பதன் பலன் அதுதான்.

உண்மையான செலவு பஸ், வான், நிழற்பிரதி, விடுமுறை எடுத்ததால் இழந்த நாட்கூலி ஆகியவற்றில் போகிறது. அதற்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

8. சீதனக் காணி

இதை ஏன் கல்யாணப் பத்திரங்களோடு சேர்க்கிறேன் என்றால், எழுத்துக்கு முதல்நாள் இரவு இதனால்தான் குரல்கள் உயர்கின்றன. உறுதிக்காணியாயின் (உறுதி எழுதப்பட்ட தனியார் காணியாயின்), நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு நன்கொடை உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியலாம்; காணியின் பெறுமதிக்கேற்ப முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் வரும். ஆனால் வன்னியிலுள்ள குடியேற்றத் திட்டக் காணிகள் பலவும் உறுதிக்காணிகள் அல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ இருப்பவை அவை. அவற்றைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அப்படி எழுதிய உறுதி செல்லாது. பிரித்துக் கொடுப்பதற்கும் குறைந்தபட்ச அளவு உண்டு.

எனவே "கிணற்றடிப் பக்கம் அரை ஏக்கர் பிள்ளைக்கு" என்று சம்பந்தம் பேசும்போது வாக்குக் கொடுப்பதற்கு முன்னர், பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். பின்னுரித்தாளராக (உரிமையாளருக்குப் பின்னர் காணியைப் பெறுபவராக) யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். மூத்த அண்ணனின் பெயர் அங்கே இருப்பது பலருக்கு அன்றுதான் தெரியவருகிறது.

உறுதிக்காணி வைத்திருக்கும் பெண்கள் ஒன்றை அறிந்திருங்கள்: தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) பொருந்தும் இடத்தில், மனைவி தன்னுடைய அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ பொதுவாகக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை.

9. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால்

இலங்கைக் குடியுரிமையோடு வெளியே வேலை செய்பவருக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கும் நடைமுறை ஒன்றல்ல. பின்னவரிடம், அவர் விவாகமாகாதவர் என்பதற்கு அந்த நாட்டு அதிகாரி வழங்கிய சான்று கேட்கப்படும். விதிகள் சுற்றுநிருபங்களால் மாறும். 2022 ஜனவரியில் வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியைக் கேட்கும் சுற்றுநிருபம் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. எனவே போன வருடம் செய்தவரின் அனுபவத்தை நம்பி விமானச்சீட்டு எடுக்காமல், கச்சேரியிலுள்ள பதிவாளர் கிளையில் அந்த மாதத்து நிலையைக் கேளுங்கள்.

எழுத்தை இப்போதும் தாலிகட்டை ஒரு வருடம் கழித்தும் வைப்பது இன்று சாதாரணம். சட்டத்தின் கண்ணில் எழுத்து நாளே விவாக நாள். விசா விண்ணப்பத்தில் இரண்டு திகதிகளையும் குழப்பி எழுதாதீர்கள்.

10. எழுத்துக்குப் பின்னர்

விவாகச் சான்றிதழை ஒன்றுக்கு நான்கு பிரதிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தேவைக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கில மொழிபெயர்ப்புப் பெற்று, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. மொழிபெயர்ப்பில் பெயரின் ஆங்கில எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்த பின்னர் பணத்தைக் கொடுங்கள்.

விவாகமானதும் பெண் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாற்ற விரும்பினால் முதலில் அடையாள அட்டை, பின்னர் கடவுச்சீட்டு, அதன் பின்னர் வங்கிக் கணக்கு என்ற ஒழுங்கில் செய்யுங்கள். கடவுச்சீட்டுக்கு வவுனியா அலுவலகம் எங்களுக்கு அருகில். விசா விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது பெயரில் கைவைக்காதீர்கள்.

சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை அழுத்தி ஒட்டாதீர்கள். முத்திரை வைக்க வேண்டிய இடத்தில் அது தடையாகும். நனையாத கோப்பு ஒன்றில் இட்டு வைத்து, ஒரு பிரதியை வேறொரு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். என் தாயார் தங்கையின் சான்றிதழை வாங்கியதும் முதலில் செய்தது அதுதான். 2009இல் எல்லாப் பத்திரங்களையும் ஒரே பையில் வைத்திருந்தவர் அவர்.